ஒத்துக் குழலும் கற்கும் கருவியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இசைக்கருவிகளின் வரலாறு. இசைக்கருவி என்றவுடன் வீணையும் குழலும் மத்தளமுமே நம் நினைவுக்கு வரும். அண்மைக் காலத்தில் இவற்றோடு ஒரு புதிய இனமும் வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டதைக் கற்றுக்கொண்டு, கற்றதைக்கொண்டு ஒலியைப் படைக்கும் பெட்டிகள் அவை. செயற்கை நுண்ணறிவு என்று நாள்தோறும் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அதைத் தம்முள் அடக்கிய கருவிகள். அவற்றைக் கண்டு வியப்பவரும் உளர், அஞ்சுபவரும் உளர். வியப்பையும் அச்சத்தையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, இதற்கு முன் நம் நாட்டில் புதிய கருவிகள் வந்தபோது என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். பழைய கணக்கைச் சரிபார்த்த பிறகே புதிய கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் நான் கடைப்பிடித்த முறை.

நான் நெய்வேலியில் வாழ்பவன். எந்திரம் பிறப்பித்த ஊர் அது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. 1962-இல் அனல்மின் நிலையத்தின் முதற்பொறி ஓடத் தொடங்கியது. பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கோத்த ராட்சத எந்திரங்கள் இரவு பகலாக மண்ணை வாரியிறைப்பதை இவ்வூர்ப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தார்கள். எந்திரம் என்ன கொடுக்கும், எதைக் கேட்டு வாங்கும் என்பதை ஏட்டில் படிக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. எங்கள் ஊரின் கண்கொண்டே இசைக்கருவிகளின் கதையையும் பார்க்க விரும்புகிறேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாதவி அரங்கேறும்போது அவளைச் சூழ நின்ற ஆடலாசான், இசையாசான், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். கருவிகளைக் காட்டிலும் அவற்றைக் கையாளும் மனிதர்களைப் பற்றியே அங்கு மிகுதியாகப் பேச்சு. தன் கருவியை மட்டும் அறிந்தவன் அவர் கருத்தில் நல்லாசிரியன் ஆகான். பிறருடைய இசையைக் கேட்டு, அதன் நிறைகுறை அறிந்து, தன் கையை அடக்கவும் எழுப்பவும் தெரிந்தவனே ஆசிரியன். கூடி வாசித்தலுக்குக் கேட்டல் அடிப்படை என்பது தமிழர் அன்றே கண்ட உண்மை.

அந்த யாழ் பின்னர் என்ன ஆயிற்று? சங்க நூல்களில் ஓயாது ஒலித்த அக்கருவி காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் இடத்தில் வீணை அமர்ந்தது. யாழ் மறைந்தபோது அதை மீட்டிய பாணர்களின் கைப்பழக்கமும் உடன் மறைந்தது. பிற்காலத்தில் ஈழம் தந்த பேரறிஞர் விபுலாநந்த அடிகளார் பல்லாண்டுகள் உழைத்து, நூற்சான்றுகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு யாழின் அமைப்பை ஆராய்ந்து, 1947-இல் 'யாழ் நூல்' என்னும் அரிய நூலை வெளியிட்டார். கருவியின் வடிவத்தையும் நரம்பின் அளவையும் கணக்கினால் மீட்க முடிந்தது. ஆனால் ஒரு பாணன் தன் மகனின் விரலைப் பிடித்து எப்படிப் பழக்கினான் என்பதைக் கணக்கு மீட்டுத் தரவில்லை. கருவி ஒன்று மறையும்போது அதனோடு மறைவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, புதிய கருவி வந்து நன்மை விளைந்த கதைகளும் உண்டு. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், வீணையில் 24 மெட்டுகளை நிலையாகப் பதித்து எல்லா இராகங்களையும் வாசிக்கும்படி செய்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று நம் இசைக்குப் பொருத்தினார். அவர் வழி வந்தவர்கள் அதைத் தரையில் அமர்ந்து, காலின்மேல் சாய்த்து, நம் சுருதிக்கேற்பத் தந்தி கூட்டி வாசித்தார்கள். அயல்நாட்டுக் கருவி நம் வீட்டுப் பிள்ளையாயிற்று. அதைக் குறித்து இன்று எவரும் வருந்துவதில்லை. வயலின் நமக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதே அதற்குக் காரணம்.

ஆர்மோனியத்தின் கதை வேறு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த அக்கருவி இந்தியாவுக்கு வந்து, கையால் துருத்தி அமுக்கும் சிறு பெட்டியாக மாறி, நாடக மேடையையும் பசனை மடத்தையும் பிடித்துக்கொண்டது. அதன் குறையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஆதார சட்சம் நொடிக்கு 240 அதிர்வுகள் உடையது என்று கொள்வோம். இயற்கையாக இசைந்து ஒலிக்கும் அந்தர காந்தாரம் அதன் ஐந்தேகால் பங்கு அன்று, ஒன்றேகால் பங்கு, அதாவது 300 அதிர்வுகள். ஆனால் தாயியைப் பன்னிரண்டு சம கூறுகளாக வெட்டிய மேனாட்டு முறைப்படி அதே சுரம் ஏறத்தாழ 302.4 அதிர்வுகளில் நிற்கும். வேறுபாடு சிறிதே. ஆயினும் தம்புராவின் நாதத்தில் தோய்ந்த செவிக்கு அது சோற்றில் கல்லாகத் தட்டுப்படும். மேலும், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் இயலாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் வழியே இல்லை.

இக்காரணங்களை எடுத்துக்காட்டி, அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. கவி இரவீந்திரநாதரும் அக்கருவியை விரும்பாதவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல், அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. தடை நன்மையா தீமையா என்று இன்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. தடை இருந்த காலத்திலும் ஆர்மோனியம் நாடகக் கொட்டகையில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆணையினால் ஒரு கருவியை நிலையத்தின் வாயிலில் நிறுத்தலாம். ஊரின் வாயிலில் நிறுத்த இயலாது என்பது அந்த வரலாறு கற்பிக்கும் பாடம். எனினும் தடையை விதித்தவர்கள் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. கருவி இசைக்கு இணங்க வேண்டுமா, இசை கருவிக்கு இணங்க வேண்டுமா?

இனி, பெரிதும் கவனிக்கப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஒத்து ஊதுபவர். பெரிய மேளத்தில் நாகசுரக்காரரும் தவில்காரரும் முன்னே நிற்பர். தாளக்காரர் பக்கத்தில் நிற்பர். பின்னே ஒருவர், நாகசுரம் போன்ற ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை விடாது ஊதிக்கொண்டிருப்பார். அக்குழலில் விரல்வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் மெழுகால் அடைக்கும் துளைகளே உண்டு. மூக்கால் மூச்சை உள்வாங்கிக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் செலுத்த வேண்டும். ஊர்வலம் நான்கு வீதியையும் சுற்றி வரும்வரை அந்த நாதம் அறுபடக் கூடாது. கைதட்டல் அவருக்கில்லை. ஆனால் அவர் நிறுத்தினால் நாகசுரத்துக்கு நிலைக்களம் இல்லை.

காலம் மாறியது. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை கச்சேரி மேடையில் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் அவருக்காக நாகசுரத்தின் அமைப்பையே திருத்தி, அதன் குரலை ஆழமாக்கி நீளமான குழலைச் செய்து தந்தார். கலைஞரும் கைவினைஞரும் எதிரெதிரே அமர்ந்து, ஊதியும் கேட்டும் சீவியும் கருவியை வளர்த்த வரலாறு அது. பின்னர்த் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது. அதன்பின் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. ஒத்து ஊதும் ஆளை வைத்துக்கொள்வது செலவு என்று தோன்றிய இடங்களிலெல்லாம் பெட்டி அவரிடத்தில் அமர்ந்தது.

மின்னணுத் தம்புராவை உருவாக்கியவர் பெங்களூரைச் சேர்ந்த ராஜ் நாராயண். அவர் பொறியாளர்; புல்லாங்குழல் வாசிப்பவரும் ஆவார். 1979-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் மாநாட்டில் அக்கருவி காட்டப்பட்டது. தம்புரா என்பது நான்கு தந்திகளை மீட்டுவது மட்டுமன்று. குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் மெல்லிய நூலால் நாதம் மலர்கிறது. நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில் எவரும் மீட்டாத காந்தாரம் தானே எழுந்து ஒலிக்கும். இத்துணை நுட்பங்களையும் பெட்டிக்குள் அடக்கும் முயற்சி படிப்படியாக முன்னேறி, மெய்யான தம்புராவின் ஒலியையே பதிந்துவைத்து ஒலிக்கும் நிலைக்கு வந்தது. இன்று கைப்பேசியிலேயே தம்புரா ஒலிக்கிறது. தம்புரா வாங்க வசதியில்லாத ஏழைப் பிள்ளை விடியற்காலையில் தனியே அமர்ந்து சாதகம் செய்ய இஃது எத்துணைப் பேருதவி! அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எந்திரம் கொடுத்த கொடை அது.

அது வாங்கிக்கொண்டதையும் சொல்ல வேண்டும் அன்றோ? சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில், முரசும் மணியும் சேகண்டியும் ஒரு சட்டத்தில் பொருத்தப்பெற்று, மின்பொறியால் இயங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் பூசை வேளையில் கோல்கள் தாமே முரசை அறையும். மேளக்காரருக்கு மானியமும் சம்பளமும் கொடுக்க இயலாத கோயில்கள் இதை ஏற்றுக்கொண்டன. அதைச் செய்தவர்களை நான் பழிக்கவில்லை. வருவாயற்ற கோயிலில் அமைதியைவிட ஓசை மேல் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மேளக்காரர் குடும்பத்தில் பிறந்தவன். அவன் பாட்டனார் ஒத்து ஊதியவர். தந்தையார் தவில் வாசித்தவர். அவனோ தொழிற்பயிற்சி பெற்று மின்பணியாளன் ஆனான். ஒலிபெருக்கிகளையும், நான் சொன்ன அந்தத் தானியங்கி முரசுகளையும் பழுதுபார்ப்பது அவன் தொழில்களுள் ஒன்று. ஒரு நாள் கடைத்தெருவில் என்னைக் கண்டு பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "ஐயா, அது தாளம் தப்பாது. ஆனால் தீபாராதனை எப்போது முடிகிறது என்று அதற்குத் தெரியாது. அப்பா தவில் வாசிக்கும்போது குருக்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டு கீழே இறங்கவும் அடி நிற்கவும் சரியாக இருக்கும். இதை யாராவது ஓடிப்போய் நிறுத்த வேண்டும்."

ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு அவன் சொல் பெரிய பாடமாகப் பட்டது. எந்திரத்தில் இல்லாதது கையின் வலிமை அன்று, கண்ணும் செவியும். சிலம்பு சொன்ன இலக்கணமும் அதுவேதான். இப்போது வந்திருக்கும் புதிய கருவிகளோ, "எங்களுக்குச் செவி உண்டு, நாங்கள் கேட்போம், கற்போம்" என்று சொல்லிக்கொண்டு வருகின்றன. ஆதலின் அவற்றை முன்னைய கருவிகளோடு ஒன்றாக வைத்து எண்ணிவிடல் ஆகாது.

அவை எவ்வாறு கற்கின்றன? எளிய முறையில் சொல்ல முயல்கிறேன். எழுத்தறியாத பிள்ளைக்கு 'அ' என்னும் எழுத்தைக் கற்பிக்கும்போது அதன் இலக்கணத்தை நாம் சொல்வதில்லை. எழுதிக் காட்டுகிறோம், எழுதச் சொல்கிறோம், பிழையைத் திருத்துகிறோம். நூறு முறை எழுதியபின் கை தானே பழகுகிறது. இக்கருவிகளும் அப்படியே. பல்லாயிரம் ஒலித்துண்டுகளை அவற்றுக்கு ஊட்டுகிறார்கள். கருவி ஒரு விடையைத் தருகிறது. மெய்யான ஒலிக்கும் அதன் விடைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, உள்ளே இருக்கும் எண்ணற்ற எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். வேறுபாடு குறையும்வரை இப்பணி தொடர்கிறது. கருவிக்குச் சுவை தெரியாது. வேறுபாடு குறைந்ததா என்பது மட்டுமே தெரியும்.

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் 'என்சிந்த்' என்னும் முறையை வெளியிட்டார்கள். 1,006 கருவி ஒலிகளிலிருந்து எடுத்த 3,05,979 தனிச்சுர ஒலிகள் அதற்குப் பாடமாக அமைந்தன. அடுத்த ஆண்டு, 2018-இல், அதைக் கையால் தொட்டு வாசிக்கும் கருவியாகவும் செய்து காட்டினார்கள். சதுரமான தொடுபலகையின் நான்கு மூலைகளிலும் நான்கு கருவிகளின் ஒலிகளை வைக்கலாம். விரலை நடுவே நகர்த்தினால் குழலுமல்லாத வீணையுமல்லாத இடைப்பட்ட ஒலிகள் எழும். இரண்டு ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது போன்றதன்று இது. இரண்டின் இயல்பையும் கற்று மூன்றாவதைப் பிறப்பிப்பது. அக்கருவியின் அமைப்பு முறையையும் எவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள்.

மின்கிதார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் ஒலிமாற்றுப் பெட்டிகளிலும் இம்முறை புகுந்தது. பின்லாந்து நாட்டு எல்சிங்கியிலுள்ள நியூரல் டிஎஸ்பி என்னும் நிறுவனம் 2020-இல் அறிவித்த 'குவாட் கார்டெக்ஸ்' என்னும் பெட்டி, ஓர் ஒலிபெருக்கிக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, அது அவற்றை எப்படி மாற்றித் தருகிறது என்பதைச் சில நிமிடங்களில் கற்றுக்கொள்கிறது. பழைய ஒலிபெருக்கியின் குணம் சிறு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. தொலைவூர்க் கச்சேரிக்குப் பெருஞ்சுமை தூக்கிச் செல்லும் வாத்தியக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

நம் இசைக்கு இவை எவ்வளவு பொருந்தும்? இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. தோடி இராகத்துக் காந்தாரம் ஏட்டில் ஓர் எழுத்து. பாடும்போது அது ஓரிடத்தில் நில்லாது, ரிசபத்தின் பக்கம் தாழ்ந்தும் மத்தியமத்தை நோக்கி உயர்ந்தும் அசைந்துகொண்டே இருக்கும். தனிச்சுரங்களை மட்டும் கற்ற கருவிக்கு இந்த அசைவு புலப்படாது. மேலும், பாடகர் ஒவ்வொருவரும் தம் குரலுக்கேற்ற கட்டையில் பாடுகிறார்கள். இவற்றையெல்லாம் கணினிக்கு உணர்த்தும் பெருமுயற்சி ஒன்று 2011 முதல் 2017 வரை நடைபெற்றது. பார்சிலோனா நகரத்துப் பொம்பெயு பாப்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சேவியர் செரா தலைமை தாங்கினார். கர்நாடக இசைப் பகுதியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஏமா மூர்த்தியும் அவர் குழுவினரும் பங்கு கொண்டார்கள். இந்துஸ்தானி, துருக்கி, அரபு-அந்தலூசி, சீன இசை மரபுகளும் அதில் ஆராயப்பட்டன. மேனாட்டுப் பாட்டுக்கென அமைத்த அளவுகோலால் பிறநாட்டுப் பாட்டை அளத்தல் தகாது என்பதே அத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கை.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் சார்சியா தொழில்நுட்பக் கழகத்தில், கர்நாடக வயலினில் பயிற்சியுடைய ராகவசிம்மன் சங்கரநாராயணனும் பேராசிரியர் கில் வைன்பெர்க்கும் 'ஹத்தானி' என்னும் வயலின் வாசிக்கும் எந்திரத்தை வடிவமைத்து, 2021-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். வில்லின் ஓட்டத்தையும் கமகத்தின் வழுக்கலையும் எந்திரக் கைக்குப் பழக்குவது அவர்கள் மேற்கொண்ட பணி. பாலுசுவாமி தீட்சிதர் வயலினுக்கு நம் இசையைக் கற்பித்தார். இவர்கள் வயலின் வாசிக்கும் கைக்கே அதைக் கற்பிக்க முயல்கிறார்கள். வரலாறு அதே தெருவில் இன்னும் ஒரு வீடு தள்ளி வந்து நிற்கிறது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் திரைப்பாட்டு முன்னரே இவ்வழியில் வெகுதூரம் சென்றுவிட்டது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராசா கணினியின் துணையால் இசையமைத்தார். 2024-இல் 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில், காலஞ்சென்ற பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர்களுடைய குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். அதே ஆண்டில் மறைந்த பவதாரிணியின் குரலும் 'கோட்' படத்தின் பாடலொன்றில் அவருடைய இளவல் யுவன் சங்கர் ராசாவின் இசையில் இம்முறையால் ஒலித்தது. பிரிந்தோர் குரலைக் கேட்டுக் கண் கலங்கியவர்களும் உளர்; இது தகுமா என்று கேட்டவர்களும் உளர்.

இப்போது நம் கணக்கின் விடைக்கு வருவோம். ஆர்மோனியம் யாரிடமிருந்தும் எதையும் கற்கவில்லை. சுருதிப்பெட்டி ஒத்துக்காரரின் இடத்தை எடுத்துக்கொண்டதே அன்றி, அவருடைய மூச்சை எடுத்துக்கொள்ளவில்லை. புதிய கருவியோ, யாரோ ஒருவர் பல்லாண்டு சாதகம் செய்து வாசித்ததைக் கேட்டுக் கேட்டே உருவாகிறது. ஆதலின் அதற்குக் குரு உண்டு. குரு உண்டென்றால் குருதட்சிணையும் உண்டு. புதுமையை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முறையை வற்புறுத்துவதற்காகவே சொல்கிறேன்.

நெய்வேலிக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் தழைத்த காடுகள் மண்ணுள் மக்கிக் கரியாகிக் கிடந்தன. அதைத் தோண்டி எடுத்து ஒளியாக்கினோம். ஊர்தோறும் விளக்கு எரிந்தது. ஆனால் அக்கரியின்மேல் இருந்தது ஒருவருடைய வயல், ஒருவருடைய வீடு. நிலம் தந்தவருக்கு உரிய ஈடும் வேலையும் என்னும் கேள்வி எங்கள் மண்ணில் இன்றும் ஓயாத கேள்வி. இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் படிந்து கிடக்கும் நம் முன்னோரின் இசையும் ஒரு சுரங்கமே. அதைத் தோண்டுபவர்கள் அதன்மேல் யாருடைய நிலம் இருக்கிறது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். திரைப்பாட்டில் புகழ்பெற்ற பாடகரின் குடும்பத்திடம் இசைவு கேட்டார்கள், நன்று. திருவிழாவில் வாசித்த பெயர் தெரியாத தவில்காரரின் ஒலிப்பதிவை ஒரு கருவிக்கு ஊட்டும்போது யாரிடம் கேட்பார்கள்? இதற்கு விடை காண்பது சட்டம் இயற்றுவோர் கடமை. கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

இரண்டாவதாக ஒன்று. கருவி எதை மிகுதியாகக் கேட்கிறதோ அதையே நன்கு கற்கும். உலகெங்கும் மிகுதியாகக் கிடைப்பது பன்னிரண்டு சம கூறுகளில் அமைந்த இசை. நம் நாகசுரமும், தேவாரப் பண்ணும், நாட்டுப்புறத்து நையாண்டி மேளமும் முறையாகப் பதிவுபெற்று, இன்னார் வாசித்தது, இன்ன இராகம், இன்ன தாளம் என்ற குறிப்புகளோடு காக்கப்படாவிட்டால், நாளைய கருவி நம் பிள்ளைகளுக்குக் கல் கலந்த காந்தாரத்தையே கற்பிக்கும். ஆர்மோனியத்தை நிலையத்துக்கு வெளியே நிறுத்தியது போல் இதை நிறுத்த இயலாது. அதற்கு நல்ல பாடத்தைக் கொடுப்பதொன்றே வழி. வானொலி நிலையங்களின் ஒலிப்பேழைகளும், இசைக் கல்லூரிகளும், பழனியில் நடைபெறும் நாகசுர தவில் பள்ளி போன்றவையும் இப்பணிக்குப் பேருதவி புரியக் கூடியவை.

மூன்றாவது, எல்லாவற்றினும் எளியது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 நொடிகளில் அதைப் பாட வேண்டும் என்று வரையறுத்ததோடு, விழாக்களில் இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதற்குப் பதிலாகப் பயிற்சி பெற்றவர்கள் வாயாற் பாட வேண்டும் என்றும் கூறியது. அந்த ஆணையின் சிறப்பைப் பலர் உணரவில்லை. காலை வழிபாட்டில் முந்நூறு பிள்ளைகள் பாடும்போது சுருதி சற்றே விலகும்; முதல் வரிசை முந்தும்; கடைசி வரிசை பிந்தும். ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு விலகாது, முந்தாது, பிந்தாது. ஆனால் பாடும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்கிறது. கேட்டுத் தன் குரலைத் திருத்திக்கொள்கிறது. பதிவைக் கேட்டு நிற்கும் பிள்ளை வெயிலை மட்டுமே உணர்கிறது. நான் பல பள்ளிகளில் பணியாற்றியவன். இரண்டு வகை வழிபாடுகளையும் கண்டவன். வேறுபாடு பிள்ளைகளின் முகத்தில் தெரியும்.

ஆதலின், நேயர்களே, கற்கும் கருவிகள் வரட்டும். அவை தனியே அமர்ந்து சாதகம் செய்யும் பிள்ளைக்குத் துணையாகட்டும். சுமை தூக்கும் கலைஞனின் சுமையைக் குறைக்கட்டும். இதுவரை செவி கேளாத ஒலிகளையும் தரட்டும். தம் குருவின் பெயரைச் சொல்லி, தட்சிணையை முறையாகச் செலுத்தி வரட்டும். உங்கள் ஊர்க் கோயிலில் மின்முரசு இருக்குமானால் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திருவிழா வரும் அன்றோ? அன்றைக்கு அதன் பொத்தானை அழுத்தாமல், பக்கத்து ஊர் மேளக்காரரை அழையுங்கள். ஒத்துக் குழல் இன்னும் எவரிடமேனும் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீபத்தட்டு கீழே இறங்கும் கணத்தில் தவில் நிற்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.